மூடியில் எழுதிய தேதி

ஒருத்தி கையைத் தூக்கும் விதத்தை வைத்தே அவள் இடுப்பில் என்ன செருகியிருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருஷம் எனக்குச் சோறு போட்டது அந்த வித்தைதான். துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் வாசலில், ஷிப்ட் முடிந்து போகும் பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்பும் வேலை. "கையைத் தூக்கு" என்பேன். வெறுங்கையோடு போகிறவள் சட்டென்று தூக்குவாள். நூல்கண்டோ ஜிப்போ வைத்திருப்பவள் அரை நொடி யோசிப்பாள். அந்த அரை நொடி எனக்குப் போதும். அங்கே எனக்கு எக்ஸ்ரே என்று பட்டப்பெயர். அதை வைத்தவள் யார் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் தடவிப் பார்க்க ஆள் இல்லை. மகளுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம், என் வீட்டிலேயே தங்கியிருந்த மாப்பிள்ளையின் பையைத் திறந்துவிட்டேன். உள்ளே சாப்பாட்டு டப்பாவும் மஞ்சள் துணி ஒன்றும் இருந்தன. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர் பையில் வேறென்ன இருக்கும்? ஆனால் நான் டப்பாவின் மூடியையும் திறந்துகொண்டிருந்தபோது மகள் பார்த்துவிட்டாள். அந்த வாரமே தனிக்குடித்தனம் போனவர்கள், இரண்டு வருஷம் என் வாசற்படியை மிதிக்கவில்லை.

எனக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபோதுதான் திரும்பி வந்தார்கள். வந்த அன்றே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், மகள் சொன்னாள்.

"அம்மா, அவர் பொருள் எதையும் நீ தொடக் கூடாது, தொறக்கக் கூடாது. இன்னொரு தடவை நடந்துச்சுன்னா அன்னிக்கே கெளம்பிடுவோம். அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் வரமாட்டேன்."

தலையாட்டினேன். ஒற்றைப் பெண். அவள் இல்லாத இரண்டு வருஷமும் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தவள் நான். மறுபடி அந்த வாழ்க்கை வேண்டாம் என்று இருந்தது.

மாப்பிள்ளை வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல் இருப்பவர். அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பேசுகிறவன் எங்காவது உளறுவான், பேசாதவனை என்ன செய்வது? ஒரு மாதம் கழித்து அவரே வந்து நின்றார்.

"அத்தை, பின்னாடி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல கொஞ்சம் எடம் சும்மாக் கெடக்கு. அங்க சின்னதா ஒரு குளம் கட்டிக்கட்டுமா? மீன் விடலாம்னு."

"இதென்ன கேள்வி மாப்பிள்ளை, உங்க வீடு" என்றேன். உள்ளே ஒரு குரல், மீனாமே, எதுக்கு மீன் என்று கேட்டது. குழி தோண்ட ஆசைப்படுகிறவனுக்கு ஒளிக்க ஏதாவது இருக்கும். இது என் கம்பெனி அனுபவம்.

கொத்தனாரைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே தோண்டினார். ஐந்தடி நீளம், மூன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம். அள்ளிப்போட்ட ஒவ்வொரு கூடை மண்ணையும் அவர் குளிக்கப் போன நேரத்தில் கைத்தடியால் கிளறிப் பார்த்தேன். மண்புழுதான் இருந்தது. பிறகு செங்கல் அடுக்கினார். தண்ணீர் நிரப்பிய டியூபை மூலைக்கு மூலை பிடித்து விளிம்பு மட்டம் பார்த்தார். லென்ஸ் தேய்க்கிறவர் அல்லவா, ஒரு நூல் ஏறினாலும் இடித்துவிட்டு மறுபடி வைத்தார். கசிவு தடுக்கும் மருந்தைச் சிமெண்டில் கலந்து பூசினார். தரையும் சுவரும் சேரும் இடத்தை மட்டும் ஒரு பாட்டிலின் வயிற்றால் தேய்த்து வளைவாக்கினார்.

"ஏன் மாப்பிள்ளை, நேரா இருந்தா ஆகாதா?"

"மூலைதான் அத்தை மொதல்ல விரிசல் விடும். வளைச்சுட்டா விடாது."

அதன் மேல் சிமெண்ட் பாலை இரண்டு தடவை பூசி, ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் ஆறவிட்டார். அப்புறம் நடந்ததுதான் என் மூக்கை வேர்க்க வைத்தது. தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினார். நான்கு நாள் கழித்து இறைத்துக் கொட்டினார். மறுபடி நிரப்பினார், மறுபடி இறைத்துக் கொட்டினார். மூன்று தடவை. கேட்டால், புதுச் சிமெண்டின் காரம் இறங்கவேண்டுமாம், இல்லாவிட்டால் மீன் செத்துவிடுமாம். யார் கண்டது?

மீனுக்குச் சொன்ன ஃபோனை நான் கேட்டது துணி உலர்த்தும்போது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குசுகுசுவென்று பேசினார். "எட்டு பொம்பளை, நாலு ஆம்பளை போதும். நல்ல செவப்பா பாத்து அனுப்புங்க." என் கையிலிருந்த ஈரச் சட்டை கீழே விழுந்துவிட்டது. மறுநாள் பிளாஸ்டிக் பைக்குள் பன்னிரண்டு சிவப்பு மீன் வந்து சேரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பையைக் கட்டு அவிழ்க்காமலே குளத்தில் மிதக்கவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும் என்றார். பிறகு பையின் வாயைத் தாழ்த்தினார். ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. மாப்பிள்ளையின் பல்வரிசையை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். மகள் அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு எண்ணினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷத்தோடு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

கம்பெனியிலிருந்து வந்த தையல் சாக் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. குளத்தின் உள்சுவரில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டேன். மறுநாள் கோட்டுக்கு அரை விரல் கீழே தண்ணீர்.

"எறங்குதே மாப்பிள்ளை. எங்கியோ கசியுது போல."

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். அடுத்த நாளும் சொன்னேன், அதற்கடுத்த நாள் மகள் முன்னாலேயும் சொன்னேன். நான்காம் நாளிலிருந்து தண்ணீர் சரியாகக் கோட்டிலேயே நின்றது. இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று இறங்காமல் நின்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அதோடு இரண்டு நீல டிரம்களைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். அடியில் சின்னக் குழாய், மேலே மூடி. குழாய்த் தண்ணீரில் கலக்கிற கிருமி மருந்து மீனுக்கு ஆகாதாம். டிரம்மில் பிடித்து நான்கைந்து நாள் வைத்திருந்து ஊற்றவேண்டுமாம். பிடித்த தேதியை மூடியில் சாக்பீஸால் எழுதி வைத்தார்.

"மூடியை மட்டும் தொறந்துடாதீங்க அத்தை. குப்பை விழுந்துடும்."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒருநாள் விடிகாலை சமையலறை விளக்கைப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே குளத்தோரம் குத்துக்காலிட்டிருந்தவர் நிமிர்ந்தார். முழங்கை வரை ஈரம். என்னைப் பார்த்தார். அரை நொடி. பிறகு கையிலிருந்த எதையோ துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "தூக்கம் வரல அத்தை" என்றார். நான் கேட்கவே இல்லையே!

சனிக்கிழமை வரை பொறுத்தேன். இருவரும் வேலைக்குப் போனபின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். மகளிடம் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. தண்ணீரும் அவர் பொருளா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் மூடியைத் திறந்தேன். தெளிந்த தண்ணீர், அடியில் கறுப்பாய் ஏதோ. தடியை விட்டுக் குத்தினால் டொக்கென்றது. அடிக்குழாயைத் திறந்துவிட்டேன். டிரம் காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடியில் ஒரு கருங்கல். டிரம் ஆடாமல் இருக்கப் போட்டது. ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் இருக்கும் என்று அதையும் திறந்துவிட்டேன். அதிலும் கல்தான்.

மாட்டிக்கொள்ளக் கூடாதே. ஹோஸைப் போட்டு இரண்டு டிரம்மையும் குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். எங்கள் தெருவில் அந்த வாரம் குழாய் உடைந்து சரிசெய்திருந்தார்கள். தண்ணீரில் மருந்து வாடை குப்பென்று அடித்தது. அது மூக்கில் ஏறியது, மண்டையில் ஏறவில்லை. மூடிகளை அதே பக்கம் பார்த்து வைத்தேன். மேலே செவ்வாய்க்கிழமை தேதி அப்படியே இருந்தது.

ஞாயிறு காலை மாப்பிள்ளை குளத்தில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, மூடியில் தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். டிரம்மைத் திறந்துவிட்டார். அவருக்கு நான்கு நாளாய்ச் சளி. மூக்கு அடைத்திருந்தது. நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

பத்து மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மத்தியானத்துக்குள் ஒன்பது பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. மூன்றை மட்டும் அவர் வாரி, குடிப்பதற்காகக் காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி அதில் விட்டு, டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றிக் காற்றுப் பிடிக்க வைத்தார். அவை பேசினுக்குள் அசைந்துகொண்டிருந்தன.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் அவர்கள் பேசியது கேட்டது.

"நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாம்ல?" என்றாள் மகள்.

"தேதி பாத்துதான் ஊத்துனேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்றார் அவர். "மண்ணைப் போட்டு மூடிடறேன். எனக்குக் கட்டத் தெரியலன்னு அத்தை மொதல்லயே சொல்லிட்டாங்க."

"அது கசிஞ்சுதா என்ன?"

"இல்ல. ஒரு பக்கெட்ல தண்ணி ரொப்பிப் படியில வெச்சுப் பாத்தேன். குளத்துல எவ்வளவு எறங்குச்சோ பக்கெட்லயும் அவ்வளவுதான் எறங்குச்சு. வெயில்ல போற தண்ணி. ஆனா நான் சொன்னா அத்தை நம்பணுமே? அதான் தெனமும் விடியறதுக்கு முன்னாடி அவங்க கோடு வரைக்கும் ஊத்தி வெச்சுட்டிருந்தேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். கத்தவும் முடியவில்லை. விடிகாலையில் அவர் ஒளித்தது ஒரு பக்கெட். என் சாக் கோட்டுக்குப் பயந்து ஒளித்திருக்கிறார்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. குளம் மூடப்படும், அவர் தன்னைத்தானே நொந்துகொள்வார், மகள் என்னோடு இருப்பாள். கம்பெனி வாசலில் அரை நொடி யோசித்தவளை எல்லாம் கள்ளி என்றேன். நான் அன்று சோறு ஆறும் வரை, குழம்பு ஆறும் வரை யோசித்தேன். மாப்பிள்ளை மண்வெட்டியைத் தேடிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனபோதுதான் கால் நகர்ந்தது.

"மாப்பிள்ளை, மண்ணு போடாதீங்க" என்றேன். "டிரம்ம நான் தொறந்தேன். நேத்து. ரெண்டையும் காலி பண்ணிட்டு, குழாய்த் தண்ணியைப் புடிச்சு வெச்சுட்டேன். நீங்க ஒரு தப்பும் பண்ணல."

 மகள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.  துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"உள்ள என்ன இருக்கும்னு நெனச்சீங்க அத்தை?"

மனசுக்குள் தேடிப் பார்த்தேன். கம்பெனியில் என்றால் நூல், பட்டன், ஜிப். இங்கே?

"ஒண்ணும் நெனைக்கல மாப்பிள்ளை. மூடியிருந்துச்சு. அவ்வளவுதான்."

அவர் பேசின் பக்கம் குனிந்து, மூன்று மீனுக்கும் இன்னொரு முறை மொண்டு ஊற்றினார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு இரண்டு டிரம்மையும் காலி செய்து, கழுவி, புதிதாகத் தண்ணீர் பிடித்தார். மூடிகளைப் போட்டார். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"தேதி எழுதுங்க அத்தை."

"நானா?"

"நீங்கதான். இனிமே நீங்க எழுதற தேதியை நம்பித்தான் நான் ஊத்துவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. எழுதினேன். கோணல்மாணலாக வந்தது. நிமிர்ந்தால், மகள் பாதி மடித்த சேலையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த மூணு மீனையும் குளத்துல விடற வரைக்கும் இருப்போம்" என்றாள். "அதுக்கப்புறம் பாக்கலாம்."

இன்று மூன்றாம் நாள். அவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது, பாதி நிரம்பியபடி. அதையும் நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிகிறது. குளத்துச் சுவரில் இருந்த கோட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். நாற்காலியை டிரம்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கை ஊறுகிறது, பொய் சொல்வானேன்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா சுவருக்கு மேல் எட்டி, "என்னம்மா, டிரம்முக்குள்ள என்ன?" என்று கேட்டார்.

"தண்ணி" என்றேன்.

"தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல. மாப்பிள்ளை சொன்னார்" என்றேன்.