தலையைத் தொடக்கூடாது

"பேரப்புள்ளைங்கள்லாம் முன்னால வாங்க, பந்தம் புடிக்கணும்" என்று பந்தலுக்குள் குரல் கேட்டதும் ஈஸ்வரி மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். நெய்யில் நனைத்த துணி சுற்றிய குச்சியைக் கொளுத்திப் பூவிழியின் கையில் கொடுத்தார்கள். நாலரை வயது. மற்றப் பிள்ளைகள் தாத்தாவைச் சுற்றி வர, அவள் நின்ற இடத்திலேயே நின்று சுடரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் வீரையன் இறந்து இரண்டு நாளாகிறது. களத்தில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. குவைத்திலிருந்து ஈஸ்வரியின் கணவன் ராஜராஜன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டி.

"ஃபேன் காத்தே ஒடம்புக்கு ஆகாதும்பாரு. கடைசியில ரெண்டு நாளு ஏசியில படுத்துட்டாரு மனுசன்" என்றார் பங்காளி சாரங்கபாணி. யாரோ சிரித்து, உடனே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாத்தனார் தங்கமணி குழந்தையின் முன் குனிந்தாள். "தாத்தா மூஞ்சியப் பாரு கண்ணு. இனிமே பாக்க முடியாது."

பூவிழி பார்க்கவில்லை. தங்கமணி அவள் மோவாயைப் பிடித்து மெல்லப் பாடையின் பக்கம் திருப்பினாள்.

அந்த மோவாயை இதே மாதிரி திருப்பியவர்தான் இப்போது பாடையில் கிடந்தார்.

ஈஸ்வரி அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளைகளைப் பரிசோதிக்கப் போனில் ஒரு ஆப் கொடுத்தார்கள். திரையில் ஒரு பக்கம் ஒரு பெண் கைதட்டிப் பேசுவாள். மறுபக்கம் வண்ணக் குமிழிகள் மிதக்கும். குழந்தை எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது, பேர் சொன்னால் திரும்புகிறதா என்பதையெல்லாம் கேமரா பிடித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வீடியோவைக் காட்டிப் பழக்கியது, டீப் லேர்னிங் என்று பெயர் என்றார் பயிற்சி வகுப்பில் டாக்டரம்மா. முடிவு பச்சை என்றால் கவலையில்லை. சிவப்பு வந்தாலும் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது. தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான். "எவ்வளவு சீக்கிரம் தெரியுதோ அவ்வளவு நல்லது. புள்ளைய மடியில வச்சுக்கலாம். தலைய மட்டும் யாரும் தொடக்கூடாது."

முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அவள் அப்படியே செய்தாள். முப்பத்திரண்டாவது தன் பிள்ளை. மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் மாமனார். பூவிழியின் கண் குமிழிக்குப் போகும்போதெல்லாம் அவருடைய விரல் மோவாயைத் தொட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பியது. ஈஸ்வரி பார்த்தாள். வாய் திறக்கவில்லை. பச்சை வந்தது.

"பச்சைதானே ஆயி? அனுப்பிவுடு" என்றார். முடிவை ஆபீசுக்கு அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதேயில்லை. குவைத்துக்குப் போன் போட்டு, "ஒண்ணும் இல்லயாம்டா, மெதுவாத்தான் பேசுமாம்" என்று சொன்னவரும் அவர்தான்.

சாயங்காலம், சுடுகாட்டிலிருந்து ராஜராஜன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் திரும்பினான். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பந்தலில் பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவனுக்கு ஃப்ளைட். போனால் இனி இரண்டு வருடம்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா?"

சொன்னாள். விரல், பச்சை, அனுப்பியது, எல்லாம்.

அவன் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தான். பிறகு, "எங்கப்பா எரிஞ்சு இன்னும் அடங்கல. அதுக்குள்ள அவரு மேல போடுற" என்றான்.

"தொட்டது அவரு. அனுப்புனது நான். தொடக்கூடாதுன்னு படிச்சுட்டு வந்தவ நான்தான்."

"அவரு இருக்கும்போது சொல்றதுக்கு என்ன?"

வாசலில் யாரோ இலைக்கட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எடு அந்தப் போனை" என்றான். "இப்பவே வையி. பச்சை வந்துச்சுன்னா, அப்பா பேர இந்த வீட்டுல இனிமே எடுக்கக் கூடாது நீ."

பிணம் கிடந்த இடத்தில் விளக்கும் நிறைமரக்கால் நெல்லும் இருந்தன. ஈஸ்வரி மரக்காலில் போனைச் சாய்த்து, எதிரே வெறும் தரையில் மகளைத் தனியாக உட்கார வைத்தாள். திரையில் அந்தப் பெண் கைதட்டினாள். பூவிழி குமிழிகளைப் பார்த்தாள். பெண் சிரித்தாள், தலையாட்டினாள், என்னென்னவோ கேட்டாள். பூவிழி குமிழிகளையே பார்த்தாள்.

இனி பேர் சொல்ல வேண்டும். "பூவிழி" என்றாள் ஈஸ்வரி, பின்னாலிருந்து. விட்டு, இன்னொரு தரம்.

"திரும்பு தங்கம்" என்று ராஜராஜன் முணுமுணுத்தான். அவன் கை தானாக மகளின் பக்கம் நீண்டது. ஈஸ்வரி தடுக்கவில்லை. பாதியில் அவனே இழுத்து, முழங்காலுக்கடியில் கொடுத்துக்கொண்டான். மூன்றாம் தரம் கூப்பிட்டும் பூவிழி திரும்பவில்லை.

வீடியோ முடிந்தது. முடிவு வர அரை நிமிடம் ஆகும். திரை வெளுத்து, நடுவில் சின்னதாக ஒரு நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பூவிழி தவழ்ந்து கிட்டே போனாள். மரக்காலின் விளிம்பில் கன்னத்தை வைத்து, அது சுற்றுவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.