எமெட் எழுதிய அட்டை

கார்வர்டேலில் எந்த மதுக்கடையில் போய் உட்கார்ந்தாலும், இரண்டாவது பீர் வருவதற்குள் யாராவது அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எடுத்துவிடுவார்கள். 1957ஆம் வருஷத்துக் கடைசி பேஸ்பால் ஆட்டம். எமெட் ஸ்லோன் மாதிரி துணிச்சலான மேனேஜர் இனிமேல் பிறக்க வேண்டும் என்பார்கள். ஊரே கொண்டாடிய வெர்னன் கூபிக்கை உட்கார வைத்துவிட்டுப் புதுப் பையனை இறக்கினாராம். கடைசி இன்னிங்ஸில் கூபிக்கை மட்டையோடு வெளியே அனுப்பி எதிரணியைக் குழப்பிவிட்டு, மறுபடி பையனையே ஆடவிட்டாராம். எல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டமாம். அப்போது பிறந்தே இராதவன்கூடப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் போலச் சொல்வான்.

பக்கத்தில் இருந்தவன் நான். பெயர் ஃப்ளாய்ட் மெக்ரே. அந்த அணியின் இரண்டாவது கேட்ச்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். முதல் கேட்ச்சருக்கு விரல் உடைந்தால்தான் எனக்கு வேலை. அந்தப் புண்ணியவானின் விரல் கடைசிவரை உடையவே இல்லை. பெஞ்சில் எமெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தே காலம் தள்ளினேன். எமெட்டும் கூபிக்கும் உயிரோடு இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது இருவருமே இல்லை. கதை கட்டுகிறவர்கள் தொல்லையும் தாங்கவில்லை.

எங்களுடையது சின்ன லீக். மேலே ஒரு பெரிய கிளப் இருந்தது. வளர வேண்டிய பையன்களை அவர்கள் எங்களிடம் அனுப்புவார்கள், தேறியவனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. எஃகு ஆலையில் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியதும் ஆட்கள் முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். மாதா கோயில் பெண்கள் வெண்ணெயில் புரட்டிய பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டையைக் காகிதத் தட்டில் விற்பார்கள். வலது வேலிக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும்போது பந்து வீசுபவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். கடைசிப் பெட்டி போன பிறகுதான் ஆட்டம் தொடரும். இப்போது ஆலையும் இல்லை, ரயிலும் இல்லை. அந்த வெண்ணெய் வாசனை எங்காவது வந்தால் நான் இன்றைக்கும் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

மட்டைக்காரர்கள் சுற்றி ஓடும் முனைகளைப் பேஸ் என்போம். கூபிக்தான் எங்கள் முதல் பேஸைக் காப்பவர். போரிலிருந்து திரும்பிய வருஷத்திலிருந்து அந்த இடம் அவருடையது. ஆலைத் தொழிலாளி மகன், இதே ஊர்க்காரர். பஸ்ஸில் போகும்போது போல்கா பாட்டு பாடுவார். சுருதி என்றால் என்ன விலை என்று கேட்கும் குரல். ஆனாலும் அவர் பாடாத நாளில் பஸ் வெறிச்சென்று இருக்கும். எமெட்டும் அவரும் ஒரே வருஷம் இந்த அணிக்கு வந்தவர்கள். ஒரே வாடகை அறையில் இருந்து, ஒரே சட்டைப் பெட்டியைப் பகிர்ந்துகொண்டவர்கள். எமெட்டுக்கு முழங்கால் போய் மேனேஜர் ஆனார். கூபிக் ஆடிக்கொண்டே இருந்தார். நாலாவதாக மட்டை பிடிப்பவர் அவர். முன்னால் ஆடிய மூவர் பேஸ்களில் காத்திருப்பார்கள். அவர்களைப் புறப்பட்ட இடத்துக்கே ஓடிவரச் செய்து ரன் சேர்க்கும் இடம் அது. அணியிலேயே பெரிய மரியாதை அதற்குத்தான்.

அந்த வருஷம் அவருடைய இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. வேகமாக வரும் பந்து அவர் மட்டையைச் சுழற்றுவதற்குள் கேட்ச்சர் கையில் போய் உட்கார்ந்திருக்கும். ஜூன் மாதம் எமெட் அவரை ஏழாவது இடத்துக்கு இறக்கினார். ஆகஸ்ட்டில் பெரிய கிளப் லானி ஸ்பார்க்ஸை அனுப்பிவைத்தது. ஆர்கன்ஸா பக்கத்துப் பையன், அவனும் முதல் பேஸ்காரன். பயிற்சியில் அவன் அடித்த பந்துகள் ரயில் பாதையைத் தாண்டிப் போய் விழுந்தன. எதிரில் எதை வைத்தாலும் தின்பான். யாரைப் பார்த்தாலும் சார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். பாதிப் பேர் பையனை ஆடவிட வேண்டும் என்றார்கள். ஆடாமல் எவன் கற்றுக்கொள்வான், கூபிக்கையும் ஒருநாள் யாரோ நம்பித்தானே இறக்கினார்கள் என்றார்கள். மீதிப் பேர், பட்டத்துக்கு ஆடும்போது பச்சைப் பிள்ளையை வைத்துச் சோதனை செய்வதா, இக்கட்டான நேரத்தில் கை நடுங்காதவன்தான் வேண்டும் என்றார்கள். பெரிய கிளப்பிலிருந்து தினமும் ஃபோன். பையனை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்பார்கள். எமெட் நாளைக்கு என்பார், ஆட்டக்காரர் பெயர் எழுதும் அட்டையில் கூபிக் பெயரை எழுதுவார். மறுநாளும் அதே கதை.

இழுத்துக்கொண்டே போனது கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. அன்று ஜெயித்தால் பட்டம் எங்களுக்கு. பெரிய கிளப்பின் ஆள் பையனைப் பார்க்க வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே எமெட் கூபிக்கை மைதானத்தின் கோடிக்கு அழைத்துப் போனார். என்ன பேசினார்கள் என்பதைக் கூபிக் பிறகு இடுப்பில் கட்டுப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். பையன்தான் ஆரம்பிக்கப் போகிறான். கூபிக்கைக் கடைசி நேரத்தில், ஆட்டம் இக்கட்டில் வந்து நிற்கும்போது, ஒருதடவை இறக்குவதாக எமெட் வாக்குக் கொடுத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆடினவருக்கு இதுதான் கூலியா என்றேன்.

கூபிக் கட்டை இறுக்கிவிடச் சொல்லி முதுகைக் காட்டினார். "எமெட் சொன்னது சரிதான், ஃப்ளாய்ட். நானா இருந்தா ஆகஸ்ட்லயே அந்தப் பயலை இறக்கியிருப்பேன். இதான் எனக்குக் கடைசி ஆட்டம். அடுத்த வாரம் ஆலையில சேர்றேன். எமெட்டுக்குத் தெரியாது, சொல்லிடாதே. ஐரீனாகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன், வந்து உட்கார்ந்திருக்கா. கடைசியா ஒருதடவை மட்டை பிடிச்சிட்டா போதும், நிம்மதியாப் போயிடுவேன்."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மனைவி பார்க்க ஒரே ஒருதடவை மட்டை பிடிக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் மேனேஜர் ஆடுகிறவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி நடுவரிடம் ஓர் அட்டையும், எதிரணி மேனேஜரிடம் ஒரு நகலும் கொடுக்க வேண்டும். எமெட் கார்பன் வைத்து நின்றபடியே எழுதுவார், பென்சிலை மென்றுகொண்டே. எங்கள் சுவரில் ஒட்டும் அட்டையை அவர் வாயால் சொல்ல, நான் எழுதினேன். நாலாவது லானி ஸ்பார்க்ஸ் என்றார். நானும் அப்படியே எழுதி ஒட்டினேன். ஒலிபெருக்கியிலும் அதையே படித்தார்கள். கேலரியில் முணுமுணுப்பு எழுந்தது. முதல் பேஸ் பக்கம் இருந்த ஆலை ஆட்கள் எமெட்டின் குடும்பத்தையே விசாரித்தார்கள்.

பையன் பாவம். எதிரணி வீசியவன் கெட்டிக்காரன். வேகப் பந்தே போடவில்லை. எல்லாம் மெதுவாக வந்து கடைசியில் வளையும் பந்து. பையன் பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றிக் காற்றை அடித்தான். இரண்டு தடவை அவுட். மூன்றாவது தடவை நேராக மேலே தூக்கிக் கொடுத்தான். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஆலை ஆட்கள் அவனுக்கு ஆர்கன்ஸா போகும் ரயிலின் நேரத்தைக் கத்திச் சொன்னார்கள். பெஞ்சில் வந்து உட்கார்ந்தவன் தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டுக்கொண்டான். கூபிக் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், எங்கள் கடைசி வாய்ப்பு. ஒரு ரன் பின்னால் இருந்தோம். இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். அடுத்தது நாலாவது இடம். பையன் மட்டையை எடுத்தான்.

எமெட் கேலரியில் இருந்த பெரிய கிளப் ஆளை ஒருதடவை பார்த்தார், பையனை ஒருதடவை பார்த்தார். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது. இதை நான் அடித்துச் சொல்வேன்: திட்டமும் இல்லை, தந்திரமும் இல்லை, காலையில் கொடுத்த வாக்கை நினைத்துக்கூட இல்லை. மனிதர் பயந்துவிட்டார். மெதுவான பந்து என்றால் கூபிக்குக்குக் கொண்டாட்டம். எமெட்டுக்கும் அது தெரியும். "வெர்னன், போடா" என்றார்.

கூபிக் படியேறி வெளியே வந்ததும் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மொத்தக் கேலரியும் எழுந்து நின்றது. ஆலை ஆட்கள் மரப்பலகைகளைக் காலால் உதைத்தார்கள். ஐரீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கூபிக் நொண்டாமல் நடந்தார். அதற்காக அவர் எவ்வளவு பல்லைக் கடித்திருப்பார் என்று கட்டை இறுக்கிவிட்ட எனக்குத்தான் தெரியும்.

அவர் மட்டை பிடிக்கும் இடத்தை நெருங்கும்போது எதிரணி மேனேஜர் ஹோரஸ் க்ரம் மெல்ல எழுந்து வந்தார். அவசரமே இல்லை. பின்பாக்கெட்டிலிருந்து அட்டை நகலை எடுத்து நடுவர் டோலனிடம் காட்டினார். டோலன் தன்னிடமிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு எமெட்டைக் கூப்பிட்டார்.

அட்டையில் நாலாவது இடத்தில் இருந்தது ஸ்பார்க்ஸ் அல்ல. கூபிக்.

வாயால் பையன் பெயரைச் சொன்ன மனிதர், கையால் பழைய பெயரை எழுதியிருந்தார். எத்தனையோ வருஷம் எழுதிய கை. டோலனும் அந்த இடத்தில் அந்தப் பெயரையே பார்த்துப் பழகியவர், அவருக்கும் உறைக்கவில்லை. க்ரம் முதல் பந்துக்கு முன்பே பார்த்துவிட்டார். பார்த்தும் வாயை மூடிக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸ் காத்திருந்தார். எங்கள் விளையாட்டில் அட்டையில் இருப்பதுதான் சட்டம். அதன்படி ஆட்டத்தை ஆரம்பிக்க வேண்டியவர் கூபிக். பையன் களத்தில் போய் நின்ற அந்த நிமிஷமே அவருக்குப் பதிலாள் ஆகிவிட்டான். வெளியே எடுக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்ப இறங்க முடியாது. கூபிக் ஒரு பந்தைக்கூடப் பார்க்காமல், தனக்கே தெரியாமல், காலையிலிருந்து ஆட்டத்துக்கு வெளியே இருந்திருக்கிறார்.

எமெட் அட்டையைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கூபிக் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கேலரிக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கூபிக் திரும்பி நடந்தார்.

பையன் படியில் மட்டையோடு நின்றான். "சார், நான் வேணும்னு..." என்று ஏதோ சொல்ல வந்தான்.

"அட்டையில என் பேருதான் இருக்கு. நீ என் பேருல ஆடிக்கிட்டு இருக்கே. மூணு தடவை என் மானத்தை வாங்கிட்டே. இப்பவாவது ஒழுங்கா அடி" என்றார் கூபிக்.

பையன் ஒரு கணம் விழித்தான், பிறகு சிரித்துவிட்டான். அன்றைக்கு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அதுதான் முதல்தடவை. கேலரி மொத்தமும் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, சிரிப்பு அடங்காமலேயே போய் நின்றான். முதல் பந்தை விட்டான். இரண்டாவதையும் விட்டான். மூன்றாவது வளைந்து வந்தபோது அடித்தான். பந்து வலது வேலியின் அடியில் போய் முட்டியது. இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். பட்டம் எங்களுடையது.

இதுவரை திட்டியவர்களெல்லாம் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்து பையனைத் தோளில் தூக்கினார்கள். பெரிய கிளப் ஆள் தொப்பியை ஆட்டினார். எங்கள் பெஞ்சும் காலியாகிவிட்டது. எமெட் மட்டும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐரீனா அவர் பக்கம் வந்து குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்ச்சர் கவசங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்ததால் அங்கேயே இருந்தேன்.

கூபிக் டோலனிடம் கேட்டு அந்த அட்டையை வாங்கிக்கொண்டு வந்தார். எமெட் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ ஆட்டத்தை விட்டுடப் போறேன்னு இப்பத்தான் ஐரீனா சொன்னா. உன் கடைசி சான்ஸை நான் பாழாக்கிட்டேன்டா" என்றார் எமெட்.

"ஜூன்லேர்ந்து என்னை ஏழாவதாதான் எழுதிக்கிட்டு இருந்தே. இன்னிக்கு நாலாவதா எழுதியிருக்கே" என்றார் கூபிக்.

"எழுதினது எனக்குத் தெரியவே தெரியாது, வெர்னன். சத்தியமா."

"தெரிஞ்சு எழுதியிருந்தா, நீ பாவம் பார்த்துப் போட்டேன்னு நெனச்சிருப்பேன்." கூபிக் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஐரீனாகிட்ட காட்டணும்."

எமெட் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கூபிக் அவர் முதுகில் கை வைத்தபடி, வெளியே பையனைச் சுமந்துகொண்டு போகும் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.