அலுமினியம் என்று சொல்லியிருந்தாள்

நிலானி காரின் பானெட்டைத் திறந்தாள். இன்டர்கூலரோடு இணையும் புதுக் குழாய்கள் இரண்டும் பளபளவென்று மின்னின. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். அவள் கேட்டது அலுமினியம். போட்டிருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

"அண்ணே, இதை யாரு கேட்டா?"

கிள்ளான் நகரத்து ஒர்க்‌ஷாப்காரர் கமலநாதன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "உங்கப்பா போன் பண்ணாரு லா. அலுமினியம் சட்டுனு நசுங்கிடும், ஸ்டீல் போடுன்னாரு. தண்ணி இலாகாவுல பைப் போட்ட மனுசனாச்சே."

நிலானிக்குக் காது மடல் சுட்டது. அப்பா வீரசிங்கம் ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்தவர். மேலே லோரி ஓடினாலும் அது தாங்க வேண்டும். ஆனால் இது டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை இன்டர்கூலரில் குளிரவிட்டு எஞ்சினுக்குக் கொண்டுபோகிற குழாய். இதன்மேல் யார் லோரி ஓட்டப் போகிறார்கள்? அலுமினியத்தின் எடை குறைவு என்பதால் இணைப்பு ரப்பர்கள் இழுபடாது; எஞ்சின் குலுங்கும்போது கழன்றுகொள்ளாது. இவ்வளவையும் யோசித்து, பிரிக்பீல்ட்ஸிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்து, இதே கமலநாதனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"கார் யாரோடது அண்ணே?"

"உங்களோடதுதான்."

"அப்ப என்னை ஏன் கேக்கல?"

"வீட்ல பேசிட்டீங்கன்னு நெனச்சேன். ஸ்டீலும் மட்டமில்ல தங்கச்சி, ஆயுசுக்கும் வரும்."

"மட்டம்னு நான் சொன்னேனா? நாளைக்கு அவரு சிமெண்டு பூசச் சொன்னா பூசிடுவீங்களா? இதைக் கழட்டுங்க."

கமலநாதன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். "இப்ப கழட்டினா அங்கிளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் அப்பாவைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கையில் நீட்டிப் பிடித்தாள். பேச்சு வீட்டுத் தமிழுக்கு மாறியது.

"அப்பா, ஸ்டீலைக் கழட்டச் சொல்லிட்டன்."

"பிள்ளை, அலுமினியம் நெளியும். நான் எத்தினை பைப் கண்டனான்."

"நெளியட்டும். நெளிஞ்சா நானே மாத்துறன். ஆனா எனக்குத் தெரியாமல் இஞ்ச போன் அடிக்காதேங்கோ."

அப்பா தொண்டையைச் செருமினார். "கமலநாதன், அப்ப தடிப்பையாவது கூட்டிப் போடும்."

"சரி அங்கிள், மூணு மில்லிமீட்டர் போட்டா…" என்று கமலநாதன் போன் பக்கம் குனிந்தார்.

நிலானி அழைப்பைத் துண்டித்தாள். "என்கிட்ட கேளுங்க."

அவர் நிமிர்ந்தார். "எத்தன மில்லி போடட்டும்?"

"அன்னிக்கே சொன்னேன். ஒன்னரை."

கமலநாதன் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அவள் உள்ளே போய் உட்காரவில்லை. குழாய் கழன்று வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.