மாலை போடமாட்டோம்

...முடியாது என்றால் முடியாதுதான், அதை இன்று பள்ளி அதிபரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, என்று எண்ணியபடியே அனோஜா டீச்சர் அக்கரப்பத்தனை பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் கால் வைத்தாள், என்ன பெரிய குற்றம் நடந்துவிட்டது, மாணவர் பாராளுமன்றம் கூடியது, கட்டடம் திறக்க வரும் அரசியல்வாதிக்காக மாலையும் பேண்டு வாத்தியமுமாக ரோட்டில் நிற்கமாட்டோம் என்று பிள்ளைகள் கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள், அவ்வளவுதானே... போன வருசம் தூறலில் நிற்க வைத்தார்களே, படம் நன்றாக வராது என்று குடைகளையும் பிடுங்கி வைத்தார்களே, மூன்றாம் வகுப்புப் பிள்ளை மயங்கி விழுந்ததே, அப்போது ஒழுக்கம் எங்கே போயிருந்தது? குடியுரிமைக் கல்விப் பாடத்தில் மட்டும் மனித கண்ணியம் என்று கரும்பலகை நிறைய எழுத வேண்டும், மணி அடித்ததும் அழித்துவிட வேண்டும், அப்படித்தானா? "பிள்ளை, உம்முடைய நிரந்தர நியமனம் இன்னும் வரேல்லை, அதை யோசியும். உந்த விளையாட்டை ரத்துச் செய்துபோட்டு வாரும்," என்று நேற்று போனில் சொன்னார் அதிபர் தம்பிஐயா. விளையாட்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் குளிரில் முடி நரைத்தவர், கெட்டவரும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்... நியமனத்தைக் காட்டினால் பயந்துவிடுவாளா? பயம்தான், யாரிடம் பொய் சொல்வது, ஆனாலும் மாட்டாள்.

அப்பா லியனார்ட் மட்டும் என்னவாம், தோட்டத்து யூனியன் தலைவராக இருந்த காலத்தில் தேர்தல் வந்தால் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் எல்லோரையும் கூட்டி இந்தச் சின்னம் என்று ஒரு வார்த்தைதான் சொல்வார், மறுநாள் லயமே போய் அதற்குப் போட்டுவிட்டு வரும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், முதல் வாக்கை வேண்டுமென்றே வேறு சின்னத்துக்குப் போட்டுவிட்டு வந்து சண்டை பிடித்தாள், "எல்லாருக்கும் நீங்களே யோசிச்சிட்டா அவங்களுக்கு எதுக்குப்பா தலை?" அவர் சிரித்தார். "நல்லதத்தானம்மா சொல்றேன்." அந்தச் சண்டையில் பிடித்த வெறிதான் அவளை இந்தப் பாடம் சொல்லித்தர வைத்தது.

வளைவில் காத்து நின்றாள் ஜெரோமி, பத்தாம் வகுப்பு, பிள்ளைகளின் சபாநாயகர். "பெரிய சேர் ஏசினாங்களா டீச்சர்?" ஏசினால் ஏசட்டும், நீங்கள் முடிவு செய்தது செய்ததுதான் என்றாள் அனோஜா. ஜெரோமியின் முகம் மலர்ந்தது. "அப்ப சரியாத்தான் கை தூக்கியிருக்கோம். மொதல்ல நெறையப் பேருக்கு பேண்டு வாசிக்க ஆசதான் டீச்சர். நீங்க மூஞ்சியச் சுளிச்சீங்கல்ல, அதப் பாத்துட்டு எல்லாரும் வேணாம்னு தூக்கிட்டோம்." சுளித்தாளா? சுளித்திருப்பாள்... அப்பாவாவது வாயைத் திறந்து சொன்னார், இவளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை, ஆனால் பிள்ளைகளை மழையில் நிறுத்துவது தப்புத்தானே, அதில் சந்தேகமே இல்லையே, சரியானதைத்தானே செய்ய வைத்தாள்... செய்ய வைத்தாள். தன் முகத்தைப் பார்த்துத் தூக்கிய கை யாருடைய கை?

"ரத்தோ?" என்றார் அலுவலகத்தில் அதிபர். "ரத்துப் பண்ணமாட்டேன் சேர். திரும்ப வாக்கெடுப்பு வைப்போம், துண்டுல எழுதிப் பெட்டில போடட்டும். நான் உள்ள இருக்கமாட்டேன், நீங்களும் இருக்கக்கூடாது." அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மாலைதான் எண்டு வந்தால்?" "நானே கட்டித் தர்றேன். வேணாம்னு வந்தா அந்தப் பெரிய மனுசன்கிட்ட நீங்கதான் சொல்லணும்." இப்படி அவரிடம் யாரும் பேசியதில்லை, பேசினால் என்ன... பிள்ளைகளின் பேண்டு ஆசையை நம்பித்தானோ என்னவோ, அவர் எழுந்தார். "பாப்பம்."

மண்டபக் கதவை ஜெரோமி உள்ளேயிருந்து சாத்தினாள். வெளியே இரண்டு பேரும் நின்றார்கள், உள்ளே பெஞ்சு இழுபடும் சத்தம், யாரோ சிரித்தார்கள், எதற்குச் சிரிப்பு? அதிபர் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினார், வெட்கமில்லாத மனுசன் என்று நினைத்த அதே நேரம் தானும் அடுத்த ஜன்னலில் எக்கி நிற்பதைக் கண்டாள், அவர் ஜெயிக்க ஆசைப்பட்ட அளவுக்கே அவளும் ஆசைப்பட்டாள், கொஞ்சமும் குறையவில்லை... "எந்தப் பக்கம் போகும் எண்டு நினைக்கிறீர்?" என்று கேட்டார். தன் முகம் உள்ளே தெரிந்துவிடக்கூடாதென்று அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். "தெரியல சேர்," என்றாள், இதைச் சொல்லவா இவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது...