நூற்றெண்பது மில்லிவோல்ட்

1

உயிரின் விலை நூற்றெண்பது மில்லிவோல்ட். பேரம் கிடையாது. டார்ச் பேட்டரியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு. அதற்குத்தான் நமக்கு இத்தனை அலட்டல். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் குட்டிப் பை மைட்டோகாண்ட்ரியா. அதன் சவ்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்த மின் வித்தியாசம் இருக்கும்வரை பிழைப்பு ஓடும்.

இதைச் சொன்னவள் அக்கா. ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தும் விலை பேசத் தெரியாமல் ஆராய்ச்சிக்குப் போனவள். இதைக் கதையாக எழுதிக் காட்டுகிறேன் என்று நான் வாயை விட்டேன். வினை அங்கே ஆரம்பம்.

2

முதல் தொடக்கம்: மழை விடாமல் பெய்த காலையில், நேர்மின் சுமந்த ஒரு பாலிமர் சங்கிலி செல்லின் வாசலில் நனைந்தபடி

(போதும். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். இதில் நனைய என்ன இருக்கிறது?)

இரண்டாவது: அவன் ஒரு தரகன். நோய் தீர்க்கும் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பவன். சரக்கும் எதிர்மின், செல்லின் தோலும் எதிர்மின். இவன் நேர்மின் என்பதால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வான். வந்த வேலை முடிந்தும் கிளம்பாமல் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலும் போய் ஒட்டினால் சவ்வு ஓட்டை. மின்சாரம் ஒழுகும். செல் காலி.

அக்கா படித்துவிட்டு முறைத்தாள்.

"வில்லனாக்காதடா. இவன் என் ஆளு. மூணு வருஷமா சார்ஜைக் குறைச்சுக் குறைச்சு செஞ்சிருக்கேன். ஓட்டை போடமாட்டான்."

போடுவானா என்பது அன்று தெரிந்துவிடும். போட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

3

அக்காவின் ஆய்வகத்தில், ஐஸில் ஆறு குழாய்கள், ஆறிலும் மைட்டோகாண்ட்ரியா.* மூன்றில் அக்காவின் ஆளை விடவேண்டும். மூன்றில் யாரையும் விடக்கூடாது. பிறகு சாயம். மின்சாரம் இருந்தால் சிவப்பு, ஒழுகினால் பச்சை.

[* ஐஸில் நாலு மணி நேரம்தான் தாங்கும் என்றாள். நான் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதோடு சரி.]

கேட்க ஆரம்பித்தேன். சவ்வு கிழியும்போது சத்தம் வருமா? சங்கிலி நெளியுமா, உருளுமா? மீசை வைக்கலாமா? எங்கள் வீட்டில் அவள் வேலையைப் பற்றி அதுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. முகமெல்லாம் பல்லாக, படம் போட்டுப் போட்டு விளக்கினாள். மீசைக்குக்கூட அனுமதி கிடைத்தது.

அப்புறம்தான் பாலிமரும் சாயமும். அவன் இருந்த மூன்றும் பச்சை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் (வெட்கமில்லாமல்) சோக முடிவின் முதல் வரியை யோசித்தேன்: மூன்று வருட உழைப்பு ஒரு நிறத்தில்

அவள் எழுந்து மற்ற மூன்றைப் பார்த்தாள். அவையும் பச்சை. அவன் எட்டிக்கூடப் பார்க்காத குழாய்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது.

"இது அவன் செஞ்சதில்லடா. நாம ரெண்டு பேரும் பேசியே கொன்னுட்டோம்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் சோதனை வெற்றி என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

4

பேராசிரியர் இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்திருக்கிறார். நாளைக்குப் புது மைட்டோகாண்ட்ரியா. வாசல் பக்கமே வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆகவே முடிவை நான் பார்க்கமுடியாது. வாசகரே, நீங்கள் போங்கள். அவன் இருக்கும் குழாய்கள் சிவந்தால் ஒரு முடிவு, பச்சையானால் இன்னொன்று. எதுவானாலும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் எதுவும் கேட்காதீர்கள். சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

இன்றைய நிலவரம்: குழாய்கள் ஆறு. சிவப்பு, பூஜ்யம். பச்சை, ஆறு. சங்கிலியின் மேல் நிரூபணமான குற்றம், இல்லை. என் மேல், ஆறு.