கடைசி வண்டியின் குச்சி

அம்மாவை அடுப்பங்கரை வழியாகத்தான் வெளியே தூக்க வேண்டியிருந்தது. முன்னறையை ரோட்டுக்காரர்கள் மழைக்கு முன்பே இடித்துவிட்டார்கள். சுவரில் நீலக்கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் வீடு என்றார்கள். இப்போது வாசல் என்று இருப்பது சமையல்கட்டுக் கதவுதான். கால்பக்கம் பிடித்திருந்த மகனின் முழங்கை பட்டு ஒரு தட்டு கீழே விழுந்து, சுழன்று, அடங்கியது. அது அடங்கும்வரை எல்லோரும் நின்றார்கள். எதற்கு நின்றோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கொடிக்காரன் என்றால்தான் அந்த மகனை அங்கே தெரியும். ரோடு அகலப்படுத்தும் வேலையில் வண்டிகளை நிறுத்துவதும் விடுவதும் அவன் பாடு. பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். வீட்டுப் பக்கம் ஒரு முனை, பாலத்துப் பக்கம் ஒரு முனை, நடுவில் வளைவு. ஒரு முனையில் நிற்பவனுக்கு மறுமுனை தெரியாது. அதனால் விடுகிற வரிசையில் கடைசி வண்டிக்காரன் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து அனுப்புவார்கள். சிவப்பும் வெள்ளையும் அடித்த முழநீளக் குச்சி. அது வந்து சேர்ந்தால் பாதை காலி. வராமல் மறுமுனையில் ஒரு சைக்கிளைக்கூட விடக்கூடாது. முன்பு வாய்ச்சொல்லை நம்பி விட்டதில் இரண்டு லாரிகள் முட்டிக்கொண்டன. அதிலிருந்து, போனில் கடவுளே சொன்னாலும் கேட்காதே, குச்சியைக் கையில் வாங்கு என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாமா இன்னும் வந்து சேரவில்லை. அம்மாவுக்கு ஒரே தம்பி. முந்தின நாள் முழுக்க, ரோட்டை உடைக்கிற மெஷின் தட்டும்போதெல்லாம் அம்மா கண்ணைத் திறந்தாள்.

"யாரோ கதவத் தட்றாங்க. என் தம்பியாத்தான் இருக்கும். போய்த் தெறடா."

கதவே இல்லாத பக்கம் அவன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். போகாமல் இருக்க முடியவில்லை.

அன்று இரவே அம்மா போய்விட்டாள். காலையில் மாமா யாருடைய போனிலோ பேசினார். பஸ் பாலத்து முனையில் நிற்கிறதாம். தண்ணீர்த் தொட்டியைக் காணோம், பெரிய மரத்தைக் காணோம், எங்கே இறங்குவதென்றே புரியவில்லை என்றார். அதற்குள் போன் கைமாறிவிட்டது. சவ வண்டி டிரைவரோ, மயானத்தில் அடுத்த குழிக்கு ஆள் காத்திருக்கிறது என்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடிக்காரனின் அக்காதான் வழி சொன்னாள். மயானத்துக்கு எப்படியும் பாலத்து முனையைத் தாண்டித்தான் போகவேண்டும். பஸ் அங்கேதான் நிற்கிறது. மாமாவை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.

வீட்டு முனையில் அன்று அவனுக்குப் பதில் நெட்டையன் கொடி பிடித்து நின்றான். சவ வண்டியைக் கண்டதும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்த வண்டிகளை எல்லாம் நிறுத்தினான். சாவு வண்டியை யாரும் ஹாரன் அடித்து விரட்டக்கூடாது என்று நினைத்திருப்பான். ஆக, அதுதான் கடைசி வண்டி. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொடிக்காரனிடம் ஜன்னல் வழியாகக் குச்சியை நீட்டினான். தினமும் பத்துக் கை மாறுகிற பொருள். இவனும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

பாலத்து முனையில் பஸ் இருந்தது. மாமா இல்லை. கண்டக்டர், பெரியவர் பொறுக்கமாட்டாமல் இறங்கிப் பள்ளத்து ஓரமாகவே நடந்துவிட்டார் என்றார். பள்ளத்துக்கும் பாதைக்கும் நடுவில் ஆளுயர மண்மேடு. அதற்கு அந்தப் பக்கம் மாமா போயிருக்கிறார், இந்தப் பக்கம் அம்மா வந்திருக்கிறாள். திரும்பு என்றாள் அக்கா. இங்கே எங்கேம்மா திருப்புவது என்றார் டிரைவர். கொடிக்காரன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். அந்த முனையில் கொடி பிடிக்கும் வயதானவர் தலைகுனிந்து நின்றார். சாவு வண்டியில் போய்க் குச்சி கேட்பதா, பின்னால் இன்னொரு வண்டி கொண்டுவரும் என்று இருந்துவிட்டார். சவ வண்டி நகர்ந்துவிட்டது.

மயானத்தில் அம்மாவை இறக்கி வைத்து, முகத்துணியை விலக்கினார்கள்.

"தம்பி தம்பின்னு உசுர விட்டா. அவனுக்குக் காட்டாம யாருக்குடா காட்டக் கூட்டியாந்த?" என்றாள் அக்கா.

தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு ஹாரன் இல்லை, ஊரே சேர்ந்து அடிப்பதுபோல. மண்வெட்டிக்காரர் வந்து, மூடலாமா என்றார். நாள் முழுக்க நில், போ என்று சொல்லிப் பிழைக்கிறவனுக்கு இரண்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மண்வெட்டிக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவன் கையைக் காட்டினார்.

"அது என்னப்பா, அதையும் உள்ள வெக்கணுமா?"

குனிந்து பார்த்தான். குச்சி. தன் கைக்கு அது எப்படி வந்தது என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது அந்த ஹாரன்களும் விளங்கின. ஓட வேண்டுமா, இங்கேயே நிற்க வேண்டுமா என்று தெரியாமல் இரண்டடி போய்த் திரும்பி வந்தான்.

அப்போது புழுதிக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரி தண்ணீர் ஒழுகிக்கொண்டே மயானக் கேட்டுக்குள் நுழைந்தது. குச்சி எங்கே போய்த் தொலைந்தது என்று பார்க்க நெட்டையன் அனுப்பிய லாரி. அதிலிருந்து மாமா இறங்கினார். வழி கேட்டு நெட்டையனிடம்தான் வந்து நின்றிருக்கிறார். வேட்டி முழங்கால் வரை சேறு. நேராகப் போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு மருமகனைத் தேடி நிமிர்ந்தார்.

"வரும்போது மனசு அடிச்சுக்கிச்சு மாப்ள, மொகத்தப் பாக்கமாட்டேன்னு. ரெண்டு பக்கமும் அத்தன வண்டி. நடு ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. எனக்குன்னே காலியா வெச்ச மாதிரி கெடந்துச்சு. நீ சொல்லி வெச்சியா?"

பக்கத்தில் லாரி டிரைவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடிக்காரன் குச்சியின் மண்ணைச் சட்டையில் துடைத்து அவரிடம் கொடுத்தான்.

லாரி போய்விட்டது. ஹாரன்கள் இன்னும் கொஞ்ச நேரம் கத்தின. பிறகு ஒவ்வொன்றாக அடங்கி, வண்டிகள் நகரும் இரைச்சல் மட்டும் வந்தது.

மண்வெட்டிக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் வலது கையைத் தூக்கி, ரோட்டில் வண்டிகளை விடுகிற மாதிரி, மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தான்.