எங்கள் தெருவின் எழுத்து

இரண்டாவது பாலமும் விரிசல் விட்டபோது முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இடுக்கியால் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் போச்சுன்னா உலையை வித்துடலாம். வெளியூர்ல கொடுத்துச் சுட்டு வாங்கிக்குவோம். நீ பழையபடி மாவு வேலைக்குப் போயிடும்மா."

"சரி சார்" என்றேன். என் வாயிலிருந்து முதலில் வருவது எப்போதும் அதுதான்.

நாங்கள் பல் செய்கிறவர்கள். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்கேற்ற பல்லைச் செய்து நாங்கள் திருப்பி அனுப்புவோம். அடுத்தடுத்துப் பல பல் போயிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துண்டாகச் செய்வோம், அதற்குப் பெயர்தான் பாலம். ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் அச்சுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பிசிறு சீவுவார்கள். உள்ளறையில் உலை இருக்கிறது. முன்னறையிலிருந்து உள்ளறைக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடியைக் கடக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. தலைமுடியில் மாவு, இமையில் மாவு, வீட்டுக்குப் போனால் மகள் "அம்மா, இன்னிக்கும் பொம்மை மாதிரி வந்திருக்க" என்பாள். உலை என் கைக்கு வந்த அன்று, கருப்புப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சுடுவதற்கு முன் பல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கும். நகம் பட்டால் கீறும். சுட்டால் சுருங்கும் என்பதால் கால் பங்கு பெரிதாகவே செதுக்குவோம். உலைக்குள் ஏழு மணி நாற்பது நிமிடம் இருந்து சூடேறி, ஆறி வெளியே வந்தால் சுருங்கி இறுகிச் சரியான அளவில் நிற்கும். நடுவில் கரண்ட் போனால் அது பல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எங்கள் இன்வர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான் தாங்கும். உலையைக் காட்டினால் ஒரு முறை அலறிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

மின்வெட்டு தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது. ஊரை அ முதல் ஏ வரை எட்டுப் பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். நேரம் தினமும் நகரும். பன்னிரண்டு நாள் ஆனால் திரும்ப முதலிலிருந்து. அட்டவணை எல்லாக் கடையிலும் ஒட்டியிருந்தது. எந்தத் தெரு எந்தப் பிரிவு என்பதைப் பல வருடத்துக்கு முந்தைய மின்வெட்டின்போதே டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருந்தார்கள். எங்கள் தெரு எ.

எ வரிசையில், பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு நாள்தான், பகலில் இரண்டு வெட்டுக்கு நடுவே எட்டு மணி நேரம் கிடைத்தது. முதல் பாலத்தை அந்த நாளில்தான் வைத்தேன். ஐந்தாவது மணியில் கரண்ட் போனது. அடுத்த சுற்றில் அதே நாளில் இரண்டாவதை வைத்தேன். அதே ஐந்தாவது மணி.

இரண்டும் ஒரே ஆளுக்கு. மேல்வரிசையின் முன்பல் ஆறும் போன ஒரு பள்ளி ஆசிரியை. கையால் வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்துகிறார் என்று டாக்டர் போனில் சொன்னார்.

எங்கள் மாவு வேலைக்காரர் ரேடியோ. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. "விடுங்கக்கா, அவனுங்க என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு நிறுத்தினானுங்க? சில நாள் சரியா இருக்கும், சில நாள் இருக்காது. நம்ம வீட்டுக்கார அம்மா சமையல் மாதிரி" என்றார்.

தெரு முழுக்க அப்படித்தான் நினைத்தது. ஆனால் என் மனது அப்படிச் சமாதானமாகும் மனது இல்லை. எது உடைந்தாலும் முதலில் என் கையைப் பார்க்கிறவள் நான். கரண்ட் போனதற்குக்கூட நான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேனோ என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அந்தச் சந்தேகப் புத்தியால்தான் வேலை நேரத்தில் ஒவ்வொரு முறை கரண்ட் போனதையும் வந்ததையும் உலை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். என் தப்பு இல்லை என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு. யாரும் கேட்கவில்லை.

முதலாளி கெடு சொன்ன மறுநாள் மதியம், கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரத்தில், நோட்டையும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எ வரிசையோடு ஒப்பிட்டேன். ரேடியோ சொன்ன மாதிரிதான். சில நாள் பொருந்தியது, சில நாள் இல்லை. சரி, மற்ற வரிசைகளையும் பார்ப்போமே என்று அ-விலிருந்து தொடங்கினேன். நிறம் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு பல் வில்லையாக வைத்துப் பார்ப்போமே, அப்படி. அ இல்லை. ஆ இல்லை. இ கிட்டத்தில்கூட இல்லை.

கடைசி வரிசை ஏ. முதல் நாள் பொருந்தியது. இரண்டாம் நாள் பொருந்தியது. பத்தாவது நாளும் பொருந்தியது. நான் வேலைக்கு வந்த இருபத்தாறு நாளில் இருபத்தைந்து நாள், குறித்த நேரமெல்லாம், ஐந்து பத்து நிமிட வித்தியாசத்தில் அப்படியே. பொருந்தாத ஒரு நாள் பெருமழை பெய்த நாள்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது. தெருவில் இருக்கிற அத்தனை பேரும் தப்பு, நான் மட்டும் சரி என்பது எனக்குப் பழக்கமில்லாத இடம். கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இறங்கிப் போய் டிரான்ஸ்ஃபார்மர் முன்னால் நின்றேன். இரும்புப் பெட்டியில் மஞ்சள் பெயிண்டில் ஓர் எ. தினமும் பார்க்கிற எழுத்துதான். ஆனால் பல் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஓரத்தைப் பார்ப்போம். தானாக முடிந்த ஓரம் மழமழவென்று இருக்கும். உடைந்த ஓரம் சொரசொரப்பாக, படிப்படியாக இருக்கும். அந்த எழுத்தின் மேல்பக்கம் எல்லாம் தூரிகை இழுத்து முடித்த உருண்டையான ஓரம். அடியில் மட்டும் உடைந்திருந்தது. அதற்குக் கீழே துரு ஏறி, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து, விரலால் தடவினால் சாய்வாக இறங்கும் ஒரு மேடு தட்டுப்பட்டது. எ-வை ஏ ஆக்கும் கோடு. எழுதியவன் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். துரு அதைத் தின்றிருக்கிறது. ஒரு தெருவே ஒரு மாதமாக அடுத்த தெருக்காரர்களின் அட்டவணையை வைத்துக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ரேடியோவிடம் முதலில் சொன்னேன். மாவுக் கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றார்.

"ஐயையோ அக்கா! முதல் வாரம் நான் அந்த ஆபீசுக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கிறதே குதிரைக் கொம்பு. ஒரு பொம்பளை எடுத்தாங்க. 'எங்க தெரு எ தானேங்க?'ன்னு கேட்டேன். 'ஏங்க'ன்னாங்க."

"சரி, அப்புறம்?"

"ஏன் கேக்குறேன்னு கேக்குறாங்கன்னு நெனச்சு, 'சும்மாதாங்க'ன்னு வெச்சுட்டேன்!"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்றால், முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். நோட்டு, அட்டவணை, ரேடியோவின் 'ஏங்க'. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். "அப்போ வர்ற புதன்கிழமைங்கிற? காலையில ஏழுலருந்து ஒம்பது கட். அப்புறம் சாயங்காலம் அஞ்சுக்குத்தான் கட்."

"ஆமா சார். நடுவுல எட்டு மணி நேரம்."

"எ வரிசையில புதன்கிழமை பதினொன்னுக்குக் கட்டுன்னு போட்டிருக்கே. தெருவே அதைத்தானே நம்புது. பெயிண்ட் உதிர்ந்ததை நம்பி, கடைசித் தடவையைப் போய் அதுல வைக்கிறதா? நிச்சயமாத் தெரியுமா?"

வழக்கமாக இந்த இடத்தில் 'அப்படித்தான்னு நினைக்கிறேன் சார்' என்று சொல்லிவிடுவேன். அந்த 'நினைக்கிறேன்' எனக்கு ஒரு திண்டு மாதிரி. விழுந்தாலும் அடிபடாது. நாக்கு நுனிவரை வந்தது.

"நிச்சயம் சார்."

அவர் என்னைப் பார்த்தார். ரேடியோவும் பார்த்தார். "உன் இஷ்டம். ஆனா பேச்சு பேச்சுதான்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு உலை முன்னால் நின்றேன். ஆறு பல்லும் ஒரே துண்டாகத் தட்டில் பரப்பிய சின்னச் சின்னப் பீங்கான் மணிகளின் மேல் படுத்திருந்தன. ஒன்பது ஆகியும் கரண்ட் வரவில்லை. ஒன்பது ஒன்று. இரண்டு. மூன்றாவது நிமிடத்தில் விளக்கு எரிந்தது, பொத்தானை அழுத்தினேன். முடியும் நேரம் நாலு நாற்பத்து மூன்று என்று உலையின் திரை காட்டியது. கையில் மிச்சம் பதினேழு நிமிடம்.

பத்தே முக்காலுக்குத் தெரு தன் வேலைகளை மடக்கத் தொடங்கியது. ஷட்டர்கள் இறங்கும் சத்தம். கீழே ஜெராக்ஸ்காரர் மெஷினை அணைத்துவிட்டு மாடிக்கே வந்துவிட்டார்.

"என்னக்கா, பல்லை வேக வெச்சிருக்கீங்களாமே? பதினொன்னுக்கு மூடியைத் தொறந்து பாதி வெந்ததைக் காட்டுங்க."

"நீங்க போய் உங்க மெஷினைப் போடுங்க. ரெண்டு மணி நேர வேலை வீணாப் போகுது."

"நான் போட்டு, கரண்ட் போய், பேப்பர் உள்ள மாட்டிக்கிட்டா நீங்க வந்து எடுப்பீங்களா?"

"எடுக்கிறேன். எனக்குப் பல்லே எடுக்கத் தெரியும்."

என் வாயிலிருந்தா அது வந்தது? ரேடியோ விசில் அடித்தார். எனக்குள் ஒருத்தி எங்கேயோ ஒளிந்திருந்து, சரியான நேரத்துக்கு வெளியே வந்திருக்கிறாள் என்று தோன்றியது. அவளை எனக்குப் பிடித்திருந்தது.

பதினொன்று. மின்விசிறி சுற்றியது. பதினொன்று ஐந்து, சுற்றியது. எப்போதும் சில நிமிடம் தாமதமாகத்தானே போகும்? பதினொன்று பத்து. ஜெராக்ஸ்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். பதினொன்றே காலுக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அங்கே கரண்ட் போய்விட்டது. இங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அவங்கதான் எ" என்றேன்.

ஜெராக்ஸ்காரர் படியிறங்கினார். ஒரு நிமிடத்தில் கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின.

மீதி நேரம் நான் உட்காரவே இல்லை. ஐந்தாவது மணியைக் கடந்தபோது ரேடியோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி நாலு தடவை ஏதோ தேடுவதுபோல உள்ளறைக்கு வந்து, தேடியதை மறந்துபோய்த் திரும்பினார்.

நாலு நாற்பத்து மூன்றுக்கு உலை மணியடித்தது. கதவு திறந்தது. வைத்ததைவிடச் சிறியதாக, தந்தம் போல, விரிசல் என்பதே இல்லாமல் ஆறு பல். இடுக்கியால் எடுத்தேன். முதலாளி கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மாவு அச்சின் மேல் நானே பொருத்தினேன். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். எங்கள் தொழிலில் அதைவிட நல்ல சத்தம் கிடையாது. அச்சை அப்படியே கவிழ்த்தேன். பாலம் விழவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கையில் கொடுத்தேன்.

வெகு நேரம் பார்த்தார். ஓரத்தில் ஊசி முனையை ஓட்டினார். ஊசி எங்கும் தட்டவில்லை.

"ஒட்டும்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

அப்போது மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. கடிகாரத்தைப் பார்த்தோம். ஐந்து அடித்து இரண்டு நிமிடம்.

"போயிருச்சு! அக்கா, போயிருச்சு!" என்று கீழேயிருந்து ஜெராக்ஸ்காரர் கத்தினார், ஏதோ பரிசு விழுந்ததுபோல. ரேடியோ மாவுக் கையாலேயே தட்டினார். அறை முழுக்க வெள்ளைத் தூசி பறந்தது. கரண்ட் போனதற்குக் கைதட்டல் வாங்கிய ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

முதலாளி ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அட்டவணையை என் பக்கம் தள்ளினார். எப்போதும் நாளைக் குறித்துச் சொல்கிறவர் அவர். குறித்த நாளில் வைக்கிறவள் நான்.

"டாக்டர்கிட்ட இன்னும் மூணு கேஸ் இருக்கு. என்னைக்கு வைக்கலாம்?" என்று கேட்டார்.

பென்சிலை எடுத்து, ஏ வரிசையில் விரலை வைத்து, நிதானமாக மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் காத்திருந்தார்.